அக்காட் நம் காடு அல்ல

சென்ற ஆண்டு ஜார்ஜ்டவுனில் ஒரு பேச்சுப்போட்டிக்கு நடுவராகப் போயிருந்தேன். இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கான போட்டி. தலைப்பை நீங்களே ஊகித்திருப்பீர்கள்: தமிழின் தொன்மை. பதினொரு பேர் பேசினார்கள். பத்துப் பேர் மனப்பாடம். கடைசியாக மேடையேறிய படிவம் நான்கு மாணவி மட்டும் கையில் தாள் இல்லாமல் வந்தாள்.

அவள் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு சொல். அக்காடு. அகரம் சேய்மைச் சுட்டு. அ என்ற சுட்டோடு காடு சேர்ந்தால் ஒற்று மிகும், அக்காடு ஆகும். குமரியைக் கடல் கொண்டபின் மேற்கே போன தமிழன், ஆற்றங்கரையில் தெரிந்த காட்டைச் சுட்டி அக்காடு என்றான். அதுதான் மெசபொத்தேமியாவின் அக்காட் நகரம். அங்கே பேசிய மொழி அக்காடியம். அதன் தாய் தமிழ். "ஒரு நகரத்துக்கு 'ஊர்'னே பேர் வெச்சவன் தமிழனைத் தவிர வேற யாரா இருக்க முடியும்?" என்று கேட்டு நிறுத்தினாள். மண்டபம் கைதட்டியது. இலக்கணம் சரி, உச்சரிப்பு சுத்தம், குரலில் பயம் இல்லை.

சொன்ன வரலாற்றில் ஒரு வரிகூடச் சரியில்லை. எனக்கு அது தெரியும். நான் மொழியியல் படித்தவன் இல்லை. ஆனால் பழைய மேற்காசியாவைப் பற்றி இருபது வருடமாகக் கையில் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருப்பவன். தெரிந்தும் அவளுக்குப் பொருளடக்கத்துக்கு முழுப் புள்ளி போட்டேன். பக்கத்தில் இருந்த இரு நடுவர்களும் போட்டார்கள். எதிரே பெற்றோர் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் மாலை போட்ட பிரமுகர்கள். "இனத்துரோகி" என்று ஒருவர் முணுமுணுத்தால் போதும், அடுத்த வருடம் கூப்பிட மாட்டார்கள். இவ்வளவுதான் என் காரணம். மறைக்க ஒன்றுமில்லை.

நிகழ்ச்சி முடிந்து தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தபோது அவள் வந்தாள்.

"சார், ஒன்னு கேக்கலாமா? அக்காடியன எங்க போய்ப் படிக்கிறது?"

"எதுக்கும்மா?"

"நான் சொன்னத நிரூபிக்கணும் சார்."

"முதல்ல எஸ்.பி.எம். நல்லா பண்ணும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதைப்போல ஒரு கேவலமான பதிலை என் வாழ்நாளில் நான் சொன்னதில்லை. அன்றைக்கு அந்த மண்டபத்தில் அக்காடிய மொழியை உண்மையாகவே மதித்தவள் அவள் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அது கைதட்டல் வாங்க ஒரு சொல். இந்தக் கட்டுரை அவளுக்கு நான் தர வேண்டியிருந்த பதில்.

*

இந்தக் கதைக்குப் பினாங்கில் ஒரு முகவரி உண்டு. இங்கே அறிவியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய முனைவர் கி. லோகநாதன் சுமேரியத்தைப் பழந்தமிழ் என்றே நம்பினார். பல ஆண்டுகள் அதையே எழுதினார். சுருப்பக்கின் அறிவுரைகளையும், என்ஹெதுவன்னாவின் பெயரில் வழங்கும் பாடல்களையும் வரிவரியாக எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தமிழ்ச் சொல் வைத்துக் காட்டினார். அவருக்கு முன்பே இலங்கைப் பேராசிரியர் ஆ. சதாசிவம் 1965-இல் சுமேரியம் ஒரு திராவிட மொழி என்று ஆங்கிலத்தில் நூல் எழுதினார். அடுத்த ஆண்டு, 1966-இல், உலகின் முதல் செம்மொழி தமிழே என்று நிறுவ முயலும் தேவநேயப் பாவாணரின் ஆங்கில நூல் வந்தது.

இவர்கள் முடிவு தவறு என்பது என் கருத்து. ஆனால் இவர்கள் உட்கார்ந்து உழைத்தார்கள். லோகநாதன் சுமேரிய மூலத்தின் எழுத்துப்பெயர்ப்பைத் திறந்து வைத்துக்கொண்டுதான் பேசினார். தப்பாகப் படித்தார் என்று சொல்வதற்கும் நாம் அதே பக்கத்தைத் திறந்தாக வேண்டும். இன்றைக்கு வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதில் அந்த உழைப்பும் இல்லை. அதில் சுமேரியம், அக்காடியம், பாபிலோனியம், எலாமியம் எல்லாம் ஒரே குழம்பு. ஒன்று தமிழ் என்றால் எல்லாமே தமிழ்.

குழம்பைப் பிரிப்போம். சுமேரியத்துக்கு இதுவரை உறவுமொழி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. ஆகவே அது ஓர் அநாதைக் குழந்தை மாதிரி. யார் வேண்டுமானாலும் "எங்க வீட்டுப் பிள்ளை" என்று கைபோடலாம். அக்காடியம் அப்படி இல்லை. அதற்குக் குடும்பம் இருக்கிறது. அரபி, எபிரேயம், அரமேயம், எத்தியோப்பியாவின் கீஸ் எல்லாம் அதற்குச் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள். செமிட்டிக் குடும்பத்தின் கிழக்குக் கிளை என்று அதைச் சொல்வார்கள். அதே கிளையில் சிரியாவின் எப்லா நகரத்து மொழியும் இருக்கிறது. இத்தனை உறவினர் கண் முன்னால் இருக்கும்போது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதற்குப் பெயர் தத்தெடுப்பு இல்லை.

*

பினாங்கில் படிக்கும் பிள்ளைக்கு இதை விளக்குவது ரொம்ப சுலபம். மலாய் தெரிந்தால் போதும்.

பள்ளியில் வாய்மொழித் தேர்வுக்கு என்ன பெயர்? உஜியான் லிசான். லிசான் அரபிச் சொல். அரபியில் அதற்கு நாக்கு, மொழி என்று பொருள். அக்காடியத்தில் நாக்குக்கும் மொழிக்கும் சொல் லிஷானு. வியாழக்கிழமைக்கு மலாயில் காமிஸ், அரபியில் ஐந்தாம் நாள். அரபியில் ஐந்து கம்ஸ். அக்காடியத்தில் ஹம்ஷு. நாள்தோறும் சொல்லும் சலாம்? அக்காடியத்தில் ஷலாமு என்றால் நலமாக, முழுமையாக இருத்தல். அரபியில் பல்லுக்கு சின், அக்காடியத்தில் ஷின்னு.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டியது ஒலி ஒத்துப்போவதை அல்ல. அக்காடியத்தில் ஷ வரும் இடத்தில் அரபியில் ஸ வருகிறது, ஒரு சொல்லில் அல்ல, வரிசையாக. உறவைக் காட்டுவது இந்த ஒழுங்குதான். நம் வீட்டிலேயே இதற்கு உதாரணம் உண்டு. பால், புலி, பல், பூ, பத்து என்கிறோம். கன்னடத்தில் ஹாலு, ஹுலி, ஹல்லு, ஹூவு, ஹத்து. நம் பகரத்துக்கு அங்கே ஹகரம். இதைப் பார்த்தால் யாரும் வாதாடத் தேவையில்லை, உறவு தானாகத் தெரிகிறது.

அதற்கு மாறாக, மலாயில் கண் மாத்தா. இன்றைய கிரேக்கத்தில் கண் மாத்தி. பொருளும் ஒன்று, ஒலியும் கிட்டத்தட்ட ஒன்று. ஆனால் இரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மலாய்ச் சொல் தைவானிலிருந்து பசிபிக் தீவுகள் வரை பரவிய குடும்பத்தின் சொத்து. கிரேக்கச் சொல் வேறொரு நீளமான சொல் தேய்ந்து வந்தது. ஆயிரக்கணக்கான சொற்கள் உள்ள இரண்டு மொழிகளை எடுத்தால் இப்படிப் பத்து இருபது ஜோடி கிடைக்காமல் போகாது. நம் "ஆராய்ச்சி" முழுவதும் இந்த மாத்தா, மாத்தி வகைதான்.

இன்னொன்று, சொல் உருவாகும் விதம். கிதாப், மக்தாப் என்ற மலாய்ச் சொற்களைப் பாருங்கள். அரபியிலிருந்து வந்தவை; க, த, ப என்ற மூன்று மெய்கள் அசையாமல் நிற்க, உயிர்கள் உள்ளே மாறி மாறிப் பொருள் பிறக்கிறது. அக்காடியமும் அப்படியே. ப, ர, ஸ என்ற மூன்று மெய்கள் எலும்பு. இப்ருஸ் என்றால் தீர்ப்பளித்தான். இபர்ரஸ் என்றால் தீர்ப்பளிக்கிறான். பாரிஸ் என்றால் தீர்ப்பளிப்பவன். நம் மொழியில் கட்டு என்ற வேர் முன்னால் நிற்கும்; கட்டினான், கட்டுகிறாள், கட்டாதவர்கள் என்று எல்லாம் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும். இந்த இரண்டு மொழிகளையும் தாயும் மகளும் என்று சொல்ல, ஒன்று இரண்டையும் படிக்காதிருக்க வேண்டும், இல்லை படித்தும் என்னைப்போல வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்.

*

சரி, அக்காடியத்தை விட்டுவிடுங்கள், சுமேரியமாவது தமிழ்தானே, ஊர் என்று நகரமே இருக்கிறதே என்பார்கள்.

அந்த நகரத்துக்குச் சுமேரியர் வைத்த பெயர் உரிம். நாம் "ஊர்" என்று படிப்பது பிற்கால வடிவம். சுமேரியத்தில் உர் என்று ஒரு சொல் உண்டு, அதற்கு முதல் பொருள் நாய். உர்மஹ், அதாவது பெரிய நாய், என்றால் சிங்கம். நகரத்துக்கு அவர்கள் சொன்னது இரி அல்லது உரு. அது ஊரைப்போல ஒலிக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் எபிரேயத்தில் நகரத்துக்கு ஈர் என்கிறார்கள், அதுவும் ஒலிக்கிறது. மாத்தாவும் மாத்தியும் மறுபடி.

இலக்கணத்துக்குப் போனால் இன்னும் மோசம். கோயில் செங்கற்களில் சுமேரிய அரசர்கள் திரும்பத் திரும்ப எழுதிய வினை முனது. 'அவனுக்காகக் கட்டினான்' என்று பொருள். அதில் கட்டு என்ற வேர் கடைசியில் வரும் து. 'அவனுக்கு' என்பது நடுவில் வரும் ந. முன்னொட்டுகள் வரிசை கட்டி வந்தபிறகுதான் வேர் வருகிறது. தமிழ் இதைக் கனவிலும் செய்யாது. அரசன் வந்தான், அரசன் கட்டினான் என்ற இரண்டிலும் நமக்கு அரசன் ஒன்றுதான். சுமேரியத்தில் வரும் அரசன் லூகல். எதையாவது கட்டும் அரசன் லூகலே, ஏகாரம் ஒட்டும். செயப்படுபொருள் இருந்தால் எழுவாய்க்கு வேறு உருபு. நம் எட்டு வேற்றுமையில் இதற்கு இடமே இல்லை.

ஒட்டுநிலை மொழி, வினை கடைசியில் வரும், ஆகவே தமிழ் என்ற வாதம் உண்டு. துருக்கியும் அப்படித்தான். ஜப்பானியமும் அப்படித்தான். அதனால்தான் துருக்கியரும் சுமேரியரைத் தம் முன்னோர் என்றார்கள். 1933-இல் அந்த நாட்டு அரசு தொடங்கிய வங்கிக்கே சுமேர் வங்கி என்று பெயர். ஹங்கேரியிலும் சுமேரியம் எங்களுடையது என்று எழுதியவர்கள் உண்டு. வரிசையில் நாமும் நிற்கிறோம், நமக்கு மட்டும்தான் இந்த யோசனை வந்தது என்ற பெருமையோடு.

இது நம் இனத்துக்கு மட்டும் வந்த நோய் என்றும் நான் சொல்லவில்லை. சுமேரியம் என்ற பெயரையே 1869-இல் யூல் ஓப்பெர்ட் முன்வைத்தார். அதற்கு முன் பலர் அந்த மொழியைத்தான் அக்காடியன் என்று அழைத்துக்கொண்டிருந்தார்கள். பெயர் வைத்துச் சில ஆண்டுகளில் ஜோசப் ஹலெவி என்ற அறிஞர் கிளம்பினார். சுமேரியம் என்று ஒரு மொழியே இல்லை, செமிட்டிக் பூசாரிகள் இரகசியமாக எழுத உண்டாக்கிய முறை அது என்றார். செமிட்டிக் அல்லாத ஒருவன் எழுத்தைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்பதை அவரால் ஒத்துக்கொள்ள முடியவில்லை. தெல்லோவில் மண்ணைத் தோண்டித் தோண்டிச் சுமேரிய ஏடுகளை எடுத்தபிறகும் அவர் மனம் மாறவில்லை. நம் ஆட்களும் ஹலெவியும் ஒரே பள்ளி மாணவர்கள். முடிவை முதலில் எழுதிவிட்டுக் கணக்கைப் பிறகு போடும் பள்ளி.

*

சரியான கணக்கு எப்படி இருக்கும் என்று காட்ட ஒரு சம்பவம் இருக்கிறது. 1857. ஆப்பெழுத்தைப் படித்துவிட்டோம் என்று சிலர் சொல்கிறார்கள், உலகம் நம்பவில்லை. அசீரிய மன்னன் முதலாம் திக்லத் பிலேசரின் கல்வெட்டு ஒன்று அப்போது புதிதாக அச்சாகிறது. டால்பட், ராலின்சன், ஹிங்க்ஸ், ஓப்பெர்ட் என்று நால்வர் தனித்தனியாக மொழிபெயர்த்து, உறையில் இட்டு முத்திரை வைத்து, லண்டனின் ராயல் ஆசியக் கழகத்துக்கு அனுப்பினார்கள். ஒரு குழு நான்கையும் பிரித்து ஒப்பிட்டது. முக்கியமான இடங்களில் நான்கும் ஒத்துப்போயின. அன்றிலிருந்து அக்காடியம் படிக்கக்கூடிய மொழி.

நானும் ஒரு சவால் விடுகிறேன். சுமேரியமோ அக்காடியமோ தமிழ் என்று நம்பும் நால்வர் வாருங்கள். இதுவரை நீங்கள் பார்க்காத ஒரு ஏட்டைத் தருகிறேன். தனித்தனி அறையில் உட்கார்ந்து, தமிழை மட்டும் வைத்துப் படித்து எழுதுங்கள். உறையில் போட்டுக் கொடுங்கள். நான்கும் ஒத்துப்போனால் இதே இதழில் மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன். ஒத்துப்போகாது. ஏனென்றால் ஒவ்வொருவரும் தம் மனதுக்குப் பிடித்த தமிழ்ச் சொல்லைப் பக்கத்தில் வைப்பார்கள். ஒருவர் அக்காட்டில் காட்டைப் பார்ப்பார், இன்னொருவர் அக்காவைப் பார்ப்பார்.

*

இனி எனக்குப் பிடித்த பகுதிக்கு வருகிறேன். அக்காடியத்தின் தோற்றம்.

கி.மு. 2500 வாக்கில் அபு சலாபிக்கில் எழுதப்பட்ட ஏடுகள் சுமேரியத்தில் இருக்கின்றன. ஆனால் அவற்றை எழுதிய எழுத்தர்களில் பலருடைய பெயர்கள் செமிட்டிக். அக்காடியம் நம் கண்ணில் முதலில் படுவதே இப்படிப்பட்ட ஆட்பெயர்களாகத்தான். வேறொருவன் மொழியை வேறொருவன் எழுத்தில் எழுதிக் கொடுக்கும் குமாஸ்தாவின் பெயராக. ஏறத்தாழ கி.மு. 2334-இல் சர்கோன் ஆட்சிக்கு வந்து அக்காட்டைத் தலைநகராக்குகிறான். அந்த நகரத்தின் பெயரால்தான் மொழிக்கும் பெயர். நகரம் எங்கே இருந்தது என்று இன்றுவரை யாரும் தோண்டி எடுக்கவில்லை. அது காடா மேடா என்று சுட்டிக் காட்ட இடமே கிடைக்காத ஒரு பெயருக்குத்தான் நாம் பதம் பிரித்துக்கொண்டிருக்கிறோம்.

அரசியல் அதிகாரம் கைக்கு வந்தபின் அக்காடியர் சுமேரியத்தைத் தூக்கி எறிந்தார்களா? இல்லை. சர்கோனின் மகள் என்ஹெதுவன்னாவின் பெயரில் வழங்கும் பாடல்கள் சுமேரியத்தில் இருக்கின்றன. அக்காடியம் தன் தொண்டையின் பழைய செமிட்டிக் ஒலிகளில் பலவற்றை இழந்தது, உறவுமொழிகளில் இல்லாத வழக்கமாக வினையை வாக்கியத்தின் கடைசிக்குத் தள்ளியது. இரண்டுக்கும் சுமேரியத்தோடு நூற்றாண்டுக் கணக்கில் ஒரே தெருவில் வாழ்ந்ததே காரணம் என்பார்கள். சுமேரியரின் ஏகல், அதாவது பெரிய வீடு, அக்காடியத்தில் எகல்லு ஆகி அரண்மனையைக் குறித்தது. அங்கிருந்து அரமேயம் வழியாக அரபியில் ஹைகல் ஆனது. ஹைக்கல் என்று பெயருள்ள மலாய்ப் பையன் உங்கள் வகுப்பிலும் இருந்திருப்பான். வருகைப்பதிவில் அவன் பெயரைக் கூப்பிட்டபோதெல்லாம் ஒரு சுமேரியச் சொல்லைக் கூப்பிட்டிருக்கிறோம்.

சுமேரியம் பேச்சிலிருந்து மறைந்தபிறகும் பாபிலோன் பள்ளிகளில் அதைப் படித்தார்கள். இடப்பக்கம் சுமேரியம், வலப்பக்கம் அக்காடியம் என்று பட்டியல் பட்டியலாகக் களிமண்ணில் எழுதினார்கள். மரம், நாணல், மண்பானை, தோல், மீன், பறவை, ஊர்ப்பெயர், பீர், உணவு. அவற்றில் மிகப் பெரியது 24 ஏடுகள் கொண்டது. முதல் வரியே அதன் பெயர்: உர்ரா, ஹுபுல்லு. அந்தச் சொல்லுக்குப் பொருள் வட்டிக்கு வாங்கிய கடன்.

மாணவன் களிமண்ணில் எழுதிப் பழகிய மாபெரும் சொற்பட்டியல் கடனில் தொடங்குகிறது. அதைத் திட்டமிட்டு வைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கூச்சமாக இருக்கிறது. இன்னொரு மொழியிடம் கடன்பட்டவன் என்பதை ஒவ்வொரு தலைமுறைப் பிள்ளைக்கும் எழுதிக் கற்றுக்கொடுத்த சமூகம் அது. கி.பி. முதல் நூற்றாண்டில் கடைசி ஆப்பெழுத்து ஏடு எழுதப்படும்வரை அந்தக் கல்வி அறுபடவில்லை. இன்று நமக்குச் சுமேரியம் புரிவதற்கு முதல் காரணம் இந்த இருமொழிப் பட்டியல்கள். "சுமேரியம் தமிழ்" என்று எழுதியவர்கூட ஒரு சுமேரியச் சொல்லுக்குப் பொருள் தெரிந்துகொண்டது அக்காடிய மாணவன் தயவில்தான். அவனிடம் பொருளை வாங்கிக்கொண்டு, அவனுக்கே தாய் நாங்கள் என்கிறோம்.

அந்த மாணவனுக்குத் தான் இரண்டாவது என்பதில் வெட்கம் இருந்ததாகத் தெரியவில்லை. நமக்குத்தான் முதலாவதாக இல்லாவிட்டால் தூக்கம் வருவதில்லை.

*

இந்த இடத்தில் ஒரு நண்பர் என்னிடம் சொன்னதைப் பொய்யாக்காமல் வைக்கிறேன். "உனக்கு விளங்கல. நம்மள இங்க வந்தேறின்னு சொல்றானுங்க. பால்மரம் வெட்ட வந்த கூட்டம்னு பாடப்புத்தகத்துல ரெண்டு வரி. அந்தப் பிள்ளைங்க தலை நிமிர்ந்து நடக்க ஏதாவது வேணாமா? ஐயாயிரம் வருஷம்னு சொன்னா உனக்கு என்னா நட்டம்?"

இது சாதாரண வாதம் அல்ல. அந்த மண்டபம் ஏன் கைதட்டியது என்பதற்கு உண்மையான காரணம் இதுதான். வலி உண்மை. மருந்துதான் போலி.

போலிச் சான்றிதழோடு வேலைக்குப் போனவனுக்கு என்ன நடக்கும்? பிடிபடும்வரை சிரிப்பான். பிடிபட்ட நாளில் அவனுடைய நிஜச் சான்றிதழையும் யாரும் நம்ப மாட்டார்கள். நம்மிடம் நிஜம் நிறைய இருக்கிறது. தென் தாய்லாந்தின் குளோங் தோமில் கிடைத்த ஒரு பொற்கொல்லனின் உரைகல்லில் தமிழ் பிராமியில் 'பெரும்பதன் கல்' என்று எழுதியிருக்கிறது, 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு. தக்குவாபாவில் ஒரு குளத்தை மணிக்கிராமத்தார் பொறுப்பில் விட்டதைச் சொல்லும் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு. கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவின் பாரூஸில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088-இல் வைத்த தமிழ்க் கல்வெட்டு. நம் பினாங்கு மாநிலத்துக்குள்ளேயே, புக்கிட் மெர்தாஜாம் செரோக் தோகுனில், தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஒரு பாறை நிற்கிறது. மொழி சமஸ்கிருதம், எழுத்து பல்லவர் பாணி. ஜேம்ஸ் லோ 1845-இல் அதை உலகுக்குச் சொன்னார். தண்ணீர்மலைக்கு ஆண்டுக்கு ஒரு தடவை தவறாமல் போகும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பாறையைப் போய்ப் பார்த்திருக்கிறோம்? ஊர் நகரத்தைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுபவர்களை நான் அங்கே பார்த்ததில்லை.

கல்லும் வேண்டாம், வாயைத் திறந்தாலே போதும். கெடை நம் கடை. கப்பால் நம் கப்பல். கட்டிலும் பெட்டியும் கோயிலும் சுருட்டும் மாம்பழமும் மலாய்க்குள் போய் உட்கார்ந்து பல நூறு ஆண்டு ஆகிறது. ஒவ்வொரு நாளும் இந்த நாட்டில் கோடிக்கணக்கானவர்கள் கடைக்குப் போகும்போது நம் சொல்லைத்தான் சொல்கிறார்கள். வந்தேறி என்பவனுக்குத் தரவேண்டிய பதில் இது. "நாங்கள் சுமேரியர்" என்று சொன்னால் அவன் சிரிப்பான், "அப்ப ஈராக்குக்குப் போ" என்பான்.

*

அக்காட்டுக்கும் நம் துணைக்கண்டத்துக்கும் உண்மையில் தொடர்பே இல்லையா? இருக்கிறது. கதையைவிட அழகான தொடர்பு.

மெலுஹா, மகான், தில்முன் நாட்டுக் கப்பல்களை அக்காட்டின் துறையில் கட்டவைத்தேன் என்று சர்கோன் பெருமையடித்துக்கொள்கிறான். மெலுஹா என்பது சிந்துவெளிப் பகுதி என்று பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கிறார்கள். அக்காடியப் பேரரசுக் காலத்து உருளை முத்திரை ஒன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒருவன் பெயரும் தொழிலும்: ஷூ இலிஷு, மெலுஹா மொழியின் மொழிபெயர்ப்பாளன்.

சிந்துவெளி மொழி திராவிடமாக இருக்கலாம் என்று அஸ்கோ பர்ப்போலா போன்றவர்கள் கருதுகிறார்கள். இன்னும் முடிவாகவில்லை. ஆனால் அது திராவிடம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போது இந்த முத்திரை என்ன சொல்கிறது? அங்கேயும் தமிழ், இங்கேயும் தமிழ் என்றால் நடுவில் மொழிபெயர்ப்பாளனுக்கு என்ன வேலை? மகள் பேசுவது தாய்க்குப் புரிய ஆள் வைப்பார்களா? அந்தச் சின்னக் கல் ஒன்றே நம் மேடைப்பேச்சு முழுவதையும் முடித்துவைக்கிறது.

முடித்துவைத்துவிட்டு வேறொரு கதவையும் திறக்கிறது. கப்பல் வந்தது, சரக்கு வந்தது, பேரம் நடந்தது, பேரத்தில் சொற்கள் கைமாறியிருக்கும். ஒரு வகை நல்லெண்ணெய்க்கு அக்காடியத்தில் எல்லு என்று பெயர். நம் எள்ளோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று தாவர வரலாற்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம், அவ்வளவுதான். ஆனால் எவ்வளவு நம்பத்தக்க 'இருக்கலாம்'! எள் இந்தத் துணைக்கண்டத்துப் பயிர், கப்பல் இங்கிருந்து போனது, பொருளோடு பெயரும் போவது உலக வழக்கம். உலகத்துக்கே தாய் என்று சொல்வதைவிட, நாலாயிரம் வருடத்துக்கு முன் ஒரு குடம் எண்ணெயோடு நம் சொல் ஒன்று கப்பலேறியிருக்கலாம் என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

*

தங்கச்சி, இனி உன் கேள்விக்கு வருகிறேன்.

அக்காடியம் சிகாகோவில், லெய்டனில், ஹைடல்பெர்கில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அங்கே போவதற்கு முன் இங்கேயே பாதி வேலையை முடிக்கலாம். அரபி கற்றுக்கொள். இந்த நாட்டில் அதற்கு ஆசிரியருக்குப் பஞ்சமில்லை. மூன்று மெய் வேர் கைவந்துவிட்டால் அக்காடியம் உனக்கு அந்நியமாகத் தெரியாது. பிறகு ஜெர்மன், அந்தத் துறையின் பாதி எழுத்து அதில் இருக்கிறது. சிகாகோ பல்கலைக்கழகம் 1921-இல் தொடங்கி 2011-இல் முடித்த அசீரிய அகராதி 21 தொகுதி. தொடங்கியவர்கள் முடிவைப் பார்க்கவில்லை. முழுவதையும் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். நாம் பெருமை பேசிய தொண்ணூறு வருடத்தில் அவர்கள் ஒரு சொல் விடாமல் சீட்டு எழுதினார்கள்.

நீ போய்ப் படித்துவிட்டு வந்து நான் எழுதியது தவறு என்று நிரூபித்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் நிரூபிக்கவேண்டும் என்று போகாதே. படிக்கவேண்டும் என்று போ. பழைய அசீரிய வணிகர்களின் ஏடுகளில் மொழிபெயர்ப்பாளனுக்குத் தர்குமன்னு என்று சொல். அது அரமேயம் வழியாக அரபியில் தர்ஜுமான் ஆயிற்று. மலாய்த் தேர்வில் 'தெர்ஜெமாக்கான்' என்று கேள்வி வருமே, அந்தச் சொல்லின் மூதாதை அதுதான். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், போனில் ஆங்கிலம், சந்தையில் ஹொக்கியன் என்று வளர்ந்த பினாங்குப் பிள்ளைக்கு ஷூ இலிஷுவின் வேலை பிறவியிலேயே தெரியும்.

போட்டி முடிந்த மறுவாரம் ஏற்பாட்டாளரிடம் கேட்டு, உன் ஆசிரியர் மூலமாக அந்த அகராதியின் முதல் தொகுதியை அனுப்பினேன். புள்ளி போட்டது தப்பு என்றும் எழுதினேன். பத்து நாள் கழித்து உன் பதில் வந்தது. கோபமாக ஏதாவது இருக்கும் என்று பயந்தபடிதான் திறந்தேன்.

"சார், அக்காடுன்னு தேடினேன், கெடைக்கல. 'அக்காது'ன்னு ஒன்னு இருக்கு. அது எந்தப் பக்கம் வாசிக்கணும், மேலயா கீழயா?"

நாளை மாலை நூலகத்தில் உட்காரலாம் என்று பதில் போட்டிருக்கிறேன்.